பூனை ரெண்டு, அப்பம் ஒண்ணு, குரங்குக்கு ஆறு டாலர்

முதல் தடவை சீட்டு அறைக்குப் போன ராத்திரி நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் நான் எதற்கு இவ்வளவு நீளமாகப் புலம்புகிறேன் என்று புரியும்.

இடம் கலிஃபோர்னியா. ஊர் பேர், கடை பேர் வேண்டாம். ஒன்பது பேர் உட்காரும் மேஜை. ஆட்டம் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர், 1-3 டாலர் மேஜை. தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி விளக்கம்: ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஒருத்தர் 1 டாலரும் அடுத்தவர் 3 டாலரும் கட்டாயமாக வைக்க வேண்டும். இதற்குப் பேர் பிளைண்ட். இந்தக் கட்டாயம் சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் வரும். கையில் ரெண்டு சீட்டு, மேஜையில் பொதுவாக ஐந்து சீட்டு. அந்த ஐந்தில் முதல் மூன்றை ஒன்றாக விரிப்பார்கள், அது ஃப்ளாப். நடுவில் குவியும் பணம் பாட். அவ்வளவுதான், மேலே போகலாம்.

அன்றைக்கு ஏழு பேரும் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மிச்சம் நானும் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரும்தான். நான் 1 டாலர் வைத்திருக்கிறேன், அவர் 3 டாலர். அவர் என்னைப் பார்த்து "சாப்?" என்றார். சாப்பாடு ஆச்சா என்று கேட்கிறாரோ என்று ஒரு நிமிஷம் முழித்தேன் :-) டீலர்தான் விளக்கினார். ஆளுக்கு அவரவர் காசை எடுத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடலாமா என்று கேட்கிறாராம்.

ஆஹா, ஆள் நம்மைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். முடியாது என்று சொல்லி இன்னும் 2 டாலர் போட்டேன். பாட்டில் 6 டாலர். டீலர் மூன்று சீட்டை விரித்தார். விரித்த கையோடு பாட்டிலிருந்து 5 டாலரை எடுத்து மேஜையில் இருந்த உண்டியலில் போட்டார். இன்னொரு 1 டாலரை ஜாக்பாட்டுக்கு என்று இன்னொரு உண்டியலில் போட்டார். நடுவில் பார்த்தால் வெறும் பச்சைத் துணி. நான் விடவில்லை, 5 டாலர் பந்தயம் கட்டினேன். பெரியவர் சிரித்துக்கொண்டே சீட்டைத் தூக்கிப் போட்டார். டீலர் என்னுடைய 5 டாலரை என்னிடமே தள்ளினார். ஜெயித்துவிட்டேன்! ஜெயித்தால் டீலருக்கு ஒரு டாலர் டிப்ஸ் கொடுப்பது வழக்கம் என்பதால் அதையும் கொடுத்தேன்.

ஆக, நான் ஜெயித்த ஆட்டத்தில் எனக்கு 4 டாலர் நஷ்டம். பெரியவருக்கு 3 டாலர் நஷ்டம். ரெண்டு பூனை அப்பத்துக்குச் சண்டை போட, நியாயம் சொல்ல வந்த குரங்கு தராசில் வைத்து வைத்து முழுசையும் தின்ற கதையை ஒண்ணாங்கிளாசில் படித்திருக்கிறோம். அந்தப் பூனைகளில் ஒன்றாக இருந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

கவனியுங்கள், அந்தப் பெரியவர் என்ன செய்தார் என்று. என் காசைப் பிடுங்க வந்தவர், நான் அவர் காசைப் பிடுங்க வந்தவன். ஆனாலும் 'நாம ரெண்டு பேரும் ஆடாம இருந்தா ரெண்டு பேருக்கும் லாபம்' என்கிறார். பணம் வைத்து ஆடும் போக்கர் மேஜைகள் பலவற்றில் இந்த 'சாப்' வழக்கம் இருக்கிறது. ஆடாமல் இருப்பதே லாபம் என்று பரம எதிரிகள் கைகுலுக்கிக்கொள்கிற விளையாட்டு வேறு ஏதாவது உண்டா?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கோர்ட்டே சொல்லிடுச்சாமே

போக்கரைப் பற்றி நம்ம ஆட்களிடம் பேச்செடுத்தாலே ஒரே சண்டைதான்: 'இது திறமையா, அதிர்ஷ்டமா?' திறமைக் கட்சிக்காரர்கள் உடனே 2023 நவம்பரில் மெட்ராஸ் ஹைகோர்ட் கொடுத்த தீர்ப்பை எடுத்து நீட்டுவார்கள். தமிழ்நாடு அரசு 2022-ல் கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் வைத்திருந்தது. ரெண்டும் திறமை விளையாட்டு என்று சொல்லி அந்தப் பட்டியலைக் கோர்ட் ரத்து செய்தது. அதற்கப்புறம் 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டே கூடாது என்று சட்டம் போட்டது தனிக் கதை. அது ஆன்லைன். நான் பேசுவது மேஜையில் ஆள் எதிரே ஆள் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி.

நான் அந்தச் சண்டைக்கே வரவில்லை. போக்கரில் திறமை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நன்றாக ஆடுகிறவன் மோசமாக ஆடுகிறவனிடம் நாளடைவில் ஜெயிப்பான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். என் கேள்வி வேறு: மேஜையில் இருக்கும் மற்ற எட்டு பேரைவிட நீ நன்றாக ஆடினால் போதுமா? போதாது. எட்டு பேரை ஜெயித்து, அதுக்கப்புறம் உண்டியலையும் ஜெயிக்க வேண்டும். உண்டியல் சீட்டே வாங்குவதில்லை. அதனால் அது தோற்பதும் இல்லை.

'திறமையா அதிர்ஷ்டமா' என்று நாம் விடிய விடிய விவாதம் செய்வது கடைக்காரனுக்குத்தான் வசதி. அந்த நேரத்தில் யாரும் உண்டியலைப் பார்ப்பதில்லை.

கணக்கு வாத்தியார் மன்னிக்கவும்

நான் ஆடிய மேஜையின் கணக்கையே போடுகிறேன். பெரிய கணிதம் எல்லாம் இல்லை, அஞ்சாங்கிளாஸ் பெருக்கல்தான்.

ஆள் சீட்டுப் போடும் மேஜையில் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 30 ஆட்டம் நடக்கும். அதில் 5 ஆட்டம் ஃப்ளாப் வராமலே முடிந்துவிடுகிறது, கட்டணம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 25 ஆட்டம். ஒவ்வொன்றிலும் 5 டாலர் கடைக்கு, 1 டாலர் ஜாக்பாட்டுக்கு.

25 × 6 = 150.

ஒரு மணி நேரத்துக்கு 150 டாலர் மேஜையை விட்டு வெளியேறுகிறது. ஒன்பது நாற்காலிக்கு வகுத்தால் ஆளுக்குச் சுமார் 16 டாலர் 70 சென்ட். ஜெயித்தவர் தரும் டிப்ஸையும் சேர்த்தால் 19 டாலருக்கு மேல்.

இன்னொரு விதமாகப் பார்ப்போம். ஒன்பது பேரும் ஆளுக்கு 200 டாலர் கொண்டுவந்து உட்கார்கிறார்கள். மொத்தம் 1,800 டாலர். யாரும் எழுந்திருக்காமல், புதிதாகக் காசு எடுக்காமல் ஆடினால், 12 மணி நேரத்தில் (150 × 12 = 1,800) மேஜைக்கு வந்த காசு முழுவதும் உண்டியலுக்குள் போயிருக்கும். ஒன்பது பேரில் உலக சாம்பியன் ஒருத்தர் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கும் சைபர். நிஜத்தில் அப்படி நடக்காததற்குக் காரணம், தோற்றவர் ஏடிஎம்முக்குப் போய் இன்னொரு 200 எடுத்துவருகிறார். இல்லை, அவர் இடத்துக்குப் புதிதாக ஒருத்தர் வருகிறார். குளம் வற்றாமல் இருப்பதற்குக் காரணம் யாராவது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான்.

இப்போது வாங்க, 'நான் நல்லா ஆடுவேன்' கட்சிக்கு. இந்த மாதிரி சின்ன மேஜைகளில் நன்றாக ஆடுகிறவன் ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 10 பெரிய பிளைண்ட் சம்பாதிக்கலாம் என்று ஆட்டக்காரர்கள் பொதுவாகச் சொல்வார்கள். 1-3 மேஜையில் அது 15 முதல் 30 டாலர். அது எல்லாக் கட்டணமும் போக மிஞ்சுவது. அந்த 15 டாலர் மிஞ்ச வேண்டும் என்றால், மற்றவர்களிடமிருந்து நீ 34 டாலர் பிடுங்க வேண்டும். மற்றவர்களிடம் 15 டாலர் மட்டும் பிடுங்கும் அளவுக்குத் திறமை உனக்கு இருந்தால்? மேஜையில் இருக்கும் முக்கால்வாசிப் பேரைவிட நீ நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் மணிக்கு 4 டாலர் நஷ்டத்தில் வீட்டுக்குப் போகும் நல்ல ஆட்டக்காரன்.

இந்த ரகத்துக்குத்தான் நம்மிடம் பேரே இல்லை. தோற்கிறவன் மோசமான ஆட்டக்காரன், ஜெயிக்கிறவன் நல்ல ஆட்டக்காரன் என்று ரெண்டே பெட்டி வைத்திருக்கிறோம். நடுவில் ஒரு பெருங்கூட்டம் நிற்கிறது: நன்றாக ஆடுகிறார்கள், எதிராளியை ஜெயிக்கிறார்கள், ஆனாலும் தோற்கிறார்கள். அவர்கள் எல்லோரும் 'இந்த மாசம் அதிர்ஷ்டம் சரியில்ல' என்று சொல்லிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

என் நோட்டுப் புத்தகம்

அடுத்தவனைச் சொல்வானேன், அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன். போன வருஷம் நாலு மாசம் வாராவாரம் போனேன். எஞ்சினியரிங் புத்தி சும்மா இருக்குமா, ஒரு குட்டி நோட்டில் எல்லாவற்றையும் குறித்துவைத்தேன். எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன், எவ்வளவோடு எழுந்தேன், முழுக் கட்டணம் எடுக்கப்பட்ட பாட்டில் எத்தனை ஜெயித்தேன்.

மொத்தம் 130 மணி நேரம். முடிவு: 312 டாலர் நஷ்டம்.

இதோடு நோட்டை மூடியிருந்தால் 'சரி, நமக்கு இது வரல' என்று விட்டிருப்பேன். ஆனால் கடைசிப் பத்தியையும் கூட்டினேன். நான் ஜெயித்த, முழுக் கட்டணம் போன பாட் 280. கட்டணம் 280 × 6 = 1,680 டாலர். டிப்ஸ் பாட்டுக்கு ஒரு டாலர் வீதம் 280. மொத்தம் 1,960 டாலர்.

அதாவது எதிரே உட்கார்ந்திருந்த மனிதர்களிடம் நான் 1,648 டாலர் ஜெயித்திருக்கிறேன். உண்டியலுக்கும் டிப்ஸுக்கும் 1,960 டாலர் கொடுத்திருக்கிறேன். இதில் பெட்ரோல் கணக்கு இல்லை. ராத்திரி பசிக்கு வாங்கித் தின்ற பர்கர் கணக்கும் இல்லை.

உடனே 'பாத்தியா, எனக்குத் திறமை இருக்கு' என்று காலரைத் தூக்கிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. இந்த ஆட்டத்தில் ஏற்ற இறக்கம் பயங்கரம். ஒரு மணி நேரத்தில் 150 டாலர் மேலேயோ கீழேயோ போவது சர்வ சாதாரணம். அதை வைத்துக் கணக்குப் போட்டால் 130 மணி நேரத்தில் சுமார் 1,700 டாலர் வரைக்கும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வெறும் அதிர்ஷ்டத்திலேயே போகலாம். ஆக நான் ஜெயித்த 1,648 டாலர் என் திறமையா, சும்மா வந்த காற்றா என்று என்னாலேயே சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ள இன்னும் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆட வேண்டும். ஆனால் அந்த 1,960 டாலரில் சந்தேகமே இல்லை. அதில் திறமையும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. நான் என்ன சீட்டு வாங்கினாலும் அது போயே தீரும்.

வருமா வராதா என்று தெரியாத வரவு, கட்டாயம் போகும் செலவு. இதை வைத்துக்கொண்டு தொழில் தொடங்குகிறேன் என்று எவனாவது வந்தால் நம்ம ஊர் செட்டியார் கடையில் என்ன சொல்வார்கள்?

அந்த ஜாக்பாட் டாலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலு ஒரே மாதிரிச் சீட்டு வைத்திருந்தும் தோற்றுப்போகிற மாதிரி மகா அபூர்வமான ஆட்டம் வந்தால் அந்த உண்டியல் காசு ஆட்டக்காரர்களுக்கே திரும்பும். கடைக்காரன் எடுத்துக்கொள்வதில்லை என்கிறார்கள், சரி. ஆனால் அது என்ன? திறமை விளையாட்டு என்று சொல்லி உட்காரவைத்து, ஜெயிக்கும் ஒவ்வொரு தடவையும் கட்டாயமாக ஒரு லாட்டரிச் சீட்டு விற்கிறார்கள். நம்ம ஊரில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். நான் 130 மணி நேரத்தில் 280 சீட்டு வாங்கியிருக்கிறேன் :-(

சின்ன ஆளுக்குப் பெரிய வட்டி

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது இங்கேதான்.

அதே அறையில், தடுப்புக்கு அந்தப் பக்கம், 5-10 டாலர் மேஜை ஒன்று இருக்கும். அங்கே உட்கார்கிறவர்கள் ஆளுக்கு ஆயிரம் டாலராவது வைத்திருப்பார்கள். அந்த மாதிரி மேஜைகளில் பாட்டில் கை வைப்பதில்லை. அரை மணிக்கு ஒரு தடவை நாற்காலி வாடகை மாதிரி வாங்கிக்கொள்வார்கள். அரை மணிக்கு 8 டாலர் என்று வைத்தால் மணிக்கு 16 டாலர். அதாவது 200 டாலரோடு உட்காரும் மாணவனும் 1,000 டாலரோடு உட்காரும் முதலாளியும் கிட்டத்தட்ட ஒரே தொகையைத்தான் கட்டுகிறார்கள். முதலாளிக்கு அது கொண்டுவந்த காசில் மணிக்கு 2 சதவீதம்கூட இல்லை. மாணவனுக்கு 8 சதவீதத்துக்கு மேல். மணிக்கு! மார்க்கெட்டில் காய் விற்கும் ஆயாவிடம் மீட்டர் வட்டி வாங்குகிறவன் கெட்டான். பெரிய கம்பெனிக்குப் பேங்க் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கும், ஆயாவுக்கு மட்டும் மீட்டர் ஓடும் என்ற அதே கதை.

இதில் ஒரு வேடிக்கை வேறு. கலிஃபோர்னியா சட்டப்படி சீட்டு அறைகள் பாட்டில் இத்தனை சதவீதம் என்று எடுக்கக் கூடாது. ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே தீர்மானித்த ஒரு தொகையைத்தான் வாங்கலாம். பாட் பெருகப் பெருகக் கடைக்கு லாபம் என்று இருக்கக் கூடாது என்ற எண்ணம் சரிதான். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? பாட் 300 டாலராக இருந்தாலும் 6, 12 டாலராக இருந்தாலும் 6. முதலாவதில் 2 சதவீதம், ரெண்டாவதில் பாதி. நானும் பெரியவரும் ஆடிய ஆட்டத்தில் நூறு சதவீதம்.

நெவாடாவில் சதவீதம் உண்டு. விதிப்படி 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நடைமுறையில் இத்தனை டாலருக்கு மேல் எடுப்பதில்லை என்று ஒரு வரம்பும் வைப்பார்கள். வரம்பு 5 டாலர் என்றால் 50 டாலர் பாட்டில் 10 சதவீதம், 500 டாலர் பாட்டில் 1 சதவீதம். அங்கேயும் சின்ன மீனுக்குத்தான் சிக்கல்.

சட்டத்துக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை

திறமைக் கட்சிக்காரர்கள் எப்போதும் காட்டும் இன்னொரு தீர்ப்பு, சுப்ரீம் கோர்ட்டின் ஆந்திர அரசு - கே. சத்தியநாராயணா வழக்கு (1968). செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியதைப் பற்றிய வழக்கு. ரம்மி மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை, எந்தச் சீட்டைப் பிடிப்பது எதைப் போடுவது என்பதில் திறமை வேண்டும் என்று கோர்ட் சொன்னது. எல்லோரும் இந்த வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. கிளப் தன் வசதிகளுக்கு ஏதோ கட்டணம் வாங்குவது தப்பில்லை, ஆனால் அந்த ஆட்டத்திலிருந்தே இடத்துக்காரர் லாபமோ ஆதாயமோ அடைகிறார் என்று சாட்சியம் இருந்தால் குற்றமாகலாம்.

டெக்சாஸ் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். தனியிடத்தில் ஆட வேண்டும், ஆடி ஜெயித்ததைத் தவிர வேறு யாரும் அதில் பொருளாதார ஆதாயம் அடையக் கூடாது, திறமை அதிர்ஷ்டம் தவிர மற்றபடி எல்லோருக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது குற்றமாகாது என்று வாதாடலாம். இதை வைத்துத்தான் அங்கே 2015 வாக்கிலிருந்து சீட்டு கிளப்புகள் முளைத்தன. பாட்டில் கை வைப்பதில்லை. உறுப்பினர் சந்தா, மணிக் கணக்கில் நாற்காலி வாடகை. இதுவும் சட்டப்படி செல்லுமா என்று வழக்குகள் நடந்திருக்கின்றன, அது வேறு விஷயம்.

ஆக செகந்திராபாத்திலும் சரி, டெக்சாஸிலும் சரி, கலிஃபோர்னியாவிலும் சரி, சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இடம் கொடுத்தவன் என்ன எடுக்கிறான், எப்படி எடுக்கிறான்? ஆடப் போகிற நாம் மட்டும்தான் அதைக் கேட்பதில்லை.

நீங்க கேக்கப் போறது எனக்குத் தெரியும்

'ஏண்டா, லைட்டு, ஏசி, டீலர், செக்யூரிட்டி எல்லாம் சும்மாவா வரும்?' வராது. ஷட்டில் கோர்ட்டுக்கு மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துத்தானே ஆடுகிறோம்? அதே மாதிரி வாசலில் எழுதிப் போடட்டும்: 'இங்கே ஒரு மணி நேரம் உட்கார 17 டாலர்'. எத்தனை பேர் உள்ளே போவார்கள் பார்ப்போம். அறைச் சுவரில் கட்டணப் பலகை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று இருக்கிறது. அதுவும் ஜெயித்தவன் காசிலிருந்து போவதால் யாருக்கும் வலிப்பதில்லை. நூறு டாலர் வருகிற சந்தோஷத்தில் ஆறு டாலரை எவன் பார்க்கிறான்? மணிக் கணக்கில் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொன்னால்தான் தெரியும்.

'கம்மியா ஆடுறவனுக்குக் கம்மியாத்தானே போகும்?' நல்ல கேள்வி. பாட் ஜெயித்தவர்தான் கட்டுகிறார் என்பதால் பொறுக்கி ஆடுகிறவர் நேரடியாகக் குறைவாகவே கட்டுவார். என் நோட்டுப்படியே மணிக்கு 13 டாலர்தான் போயிருக்கிறது, 16.70 இல்லை. ஆனால் மற்றவர்கள் கட்டிய மிச்சமும் நீ ஜெயித்திருக்கக்கூடிய காசுதானே? எதிராளியின் 200 டாலர் உன்னிடம் வருவதற்குள் பாதி உண்டியலுக்குப் போயிருக்கும்.

'அப்போ பெரிய மேஜைக்குப் போயிடலாமே?' போகலாம். கட்டணம் சுண்டைக்காய் ஆகிவிடும். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் இதே கணக்கைப் போட்டுவிட்டு மேலே வந்தவர்கள். அதோடு ஒரு கெட்ட ராத்திரியில் ரெண்டாயிரம் டாலர் போனால் தூக்கம் வருகிற பர்ஸ் வேண்டும். நமக்கு வாடகை கொடுக்கிற தேதியே தூக்கத்தைக் கெடுக்கிறது.

'ஜெயிக்கிறவங்க இருக்காங்களே?' இருக்கிறார்கள். மணிக்கு 150 டாலர் வெளியேறும் மேஜையில் ஒருத்தர் 20 டாலர் லாபத்தோடு எழுந்திருக்கிறார் என்றால், மற்ற எட்டு பேரும் சேர்ந்து 170 டாலர் இழக்கிறார்கள் என்று அர்த்தம். இதைச் செய்து காட்டும் கெட்டிக்காரர்களுக்கு என் வணக்கம். ஆனால் உட்காருகிற ஒன்பது பேரும் அந்த ஒருத்தர் தான்தான் என்று நினைத்தே உட்காருகிறோம்.

கடைசியாக, ஒரு ஆளுக்கு

இதை இப்போது எழுதக் காரணம் நம்ம செட்டில் ஒருத்தன். பேர் வேண்டாம், படிக்கும்போது அவனுக்கே தெரியும். மச்சி, போன வாரம் நீ கேம்பஸ் கேண்டீன் வேலையை விட்டுவிட்டாய். 'மணிக்குப் பதினேழு டாலருக்குத் தட்டு கழுவறதுக்கு, சீட்டு ஆடி இருபது டாலர் பாத்துடுவேன்'னு சொன்னாய். ரெண்டு வாரம் நன்றாக ஜெயித்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரெண்டு வாரம் என்பது இந்த ஆட்டத்தில் ஒன்றுமே இல்லை.

அந்தப் பதினேழு டாலரை இன்னொரு தடவை பார். அந்த மேஜையில் ஒரு மணி நேரம் உட்காருவதற்கு ஒரு நாற்காலியின் பங்கும் கிட்டத்தட்ட அதே பதினேழு டாலர்தான். கேண்டீனில் ஒரு மணி நேரம் நின்றால் உனக்குத் தருகிறார்கள். மேஜையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் உன்னிடமிருந்து எடுக்கிறார்கள். நீ இருபது டாலர் சம்பாதிக்க வேண்டும் என்றால் முப்பத்தேழு, டிப்ஸோடு நாற்பது டாலர் அளவுக்கு மற்றவர்களைவிட நன்றாக ஆட வேண்டும், மணிக்கு மணி, அலுக்காமல், தூங்காமல், கோபப்படாமல். நம் ரெண்டு பேர் படிப்புக்கும் ஊரில் எந்தப் பத்திரம் பேங்க் லாக்கரில் இருக்கிறது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

நான் உன்னைத் திருந்தச் சொல்லவில்லை. ஆடாதே என்றும் சொல்லவில்லை. ஒரு மாசம் நோட்டுப் போடு. ஜெயிக்கிற ஒவ்வொரு பாட்டிலும் எவ்வளவு உண்டியலுக்குப் போகிறது என்று மட்டும் குறி. மாசக் கடைசியில் கூட்டிப் பார். அதுவரைக்கும் கேண்டீன் சூப்பர்வைசரிடம் பேசிவைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ஆசை இருந்தால் சனிக்கிழமை ராத்திரி என் ரூமுக்கு வா. பத்து சென்ட் ஆட்டம், உண்டியல் கிடையாது. யார் ஜெயித்தாலும் காசு நமக்குள்ளேதான் இருக்கும். சாம்பார் சாதம் மட்டும் நீ கொண்டுவரணும்.

டிஸ்கி 1: என் மேஜையில் எடுத்த தொகை 6 டாலர். உங்கள் ஊரில் நாலாக இருக்கலாம், ஏழாக இருக்கலாம். பெருக்கல் முறை ஒன்றுதான், உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

டிஸ்கி 2: டீலர்களைத் திட்டி யாரும் பின்னூட்டம் போடாதீர்கள். அவர்களும் சம்பளத்துக்கு நிற்கிறவர்கள். அந்த டிப்ஸ் ஒன்றுதான் அந்த அறையில் நான் மனசாரக் கொடுத்த காசு.